நடக்கிறவன் கால்

வாசலில் நின்று தம்பி ஜெயராஜ் கேட்டதற்குச் சாலமோன் இன்னும் பதில் சொல்லவில்லை. முகத்தில் பாதி சோப்பு நுரை, பாதி மழித்த தோல். கையில் ரேசர் பிடித்தபடி நின்றான்.

கேட்டது ஒரு டிரம். கல்லூரி பேண்டின் பெரிய டிரம். அதுவும் ஒரு சாயங்காலத்துக்கு மட்டும்.

“இன்னாண்ணே, காது கேக்கலியா? அத்தை பூட்ச்சு. விடியசொல்ல காப்பி கேட்டுச்சாம். கலக்கி எடுத்தாறதுக்குள்ள கத முடிஞ்சிடுச்சு. என் டிரம்மு தோலு போன ஞாயித்துக்கெழமதான் கிழிஞ்சிது. ஒன்னுது குடு. பொழுதோட கொணாந்து வெச்சிடறேன்.”

ஜெயராஜ் புதுவாயலில் பேண்டு செட்டு நடத்துகிறவன். கல்யாணம், அம்மன் ஊர்வலம், எலெக்‌ஷன், சாவு, எதற்குக் கூப்பிட்டாலும் போவான். கூப்பிடாத இடத்துக்கும் போய் நிற்பான்.

செத்துப்போனவள் செல்லியம்மாள். இவர்களின் அப்பா முனிகிருஷ்ணனோடு பிறந்தவள். தாயில்லாத இந்த இரண்டு பேரையும் செங்கல் சூளைக்குப் போய்க் கல் சுமந்து வளர்த்தவள். அப்பன் கிறிஸ்துவ வேதத்தில் சேர்ந்து பிள்ளைகளுக்குப் பெயர் மாற்றியபோது அவள் மட்டும் சேரவில்லை. சாலமோன் என்ற பெயர் அவள் வாயில் நுழையவும் இல்லை. கடைசிவரை ‘சாலு’தான்.

அந்தப் பக்கத்தில் ஒரு வழக்கம் உண்டு. பொம்பளை செத்தால் பிறந்த வீட்டுக் கோடிப் புடவையும் பிறந்த வீட்டு மேளமும் வந்து சேராமல் பாடையைத் தூக்க மாட்டார்கள். முனிகிருஷ்ணன் இல்லை. பிறந்த வீடு என்று சொல்ல மிச்சமிருப்பது இந்த அண்ணன் தம்பிதான். மூத்தவன் சாலமோன்.

“இன்னிக்கு இன்னா நாளுன்னு தெரியுமில்ல ஒனக்கு?” என்றான் சாலமோன்.

“தெரியும். ஒங்க காலேஜு தொறந்த நாளு. கோட்டு மாட்டிக்கினு குச்சி ஆட்டற நாளு.”

“ஆட்டினாத்தான் வேல நெலைக்கும்.”

அதுதான் விஷயம். ராணுவ பேண்டில் கிளாரினெட் வாசித்துவிட்டு ஊர் திரும்பிய சாலமோனைக் கும்மிடிப்பூண்டிக் கல்லூரியில் பேண்டு மாஸ்டராகச் சேர்த்து ஐந்து வருஷமாகிறது. இன்றுவரை தோட்டக்காரனோடும் வாட்ச்மேனோடும் வரிசையில் நின்றுதான் கூலி வாங்குகிறான். இன்று விழா முடிந்ததும் கமிட்டி கூடுகிறது. அவனை இசை ஆசிரியராக நிரந்தரம் செய்வதா, பேண்டையே கலைத்துவிடுவதா என்று முடிவெடுக்கப் போகிறது. நிரந்தரமானால் குவார்ட்டர்ஸ் உண்டு. வீட்டுக்குள்ளேயே குழாய்.

கல்லூரியை நடத்தும் கரஸ்பாண்டென்ட் வரதன் போன வாரமே அழைத்துச் சொல்லிவிட்டார்: “சாவுக்கு அடிக்கிற கும்பலு என் காலேஜு வாசல்ல நிக்கக் கூடாது. அந்த வாடையே வரக்கூடாது. புரிஞ்சுதா?”

புரியாமல் என்ன. அவர் சொன்ன வாடை எந்தத் தெருவின் வாடை என்பதும் புரிந்தது.

“டிரம்மு தர முடியாது ஜெயராஜு. நான் வரேன். விழா முடிஞ்ச கையோட வரேன். அதுவரைக்கும் வெச்சிருங்க.”

“வெச்சிருக்கறதுக்கு அது இன்னா ஊறுகாயா? இந்த வெயில்ல?”

அடுப்படியிலிருந்து சாலமோனின் மனைவி ஆரோக்கியமேரி வந்தாள். புதிதாக எழும்பும் பேக்டரிக் கட்டடத்தில் சித்தாள் வேலை அவளுக்கு. தலையில் சும்மாடு கட்டிய துணியை அவிழ்த்துக் கையில் சுற்றிக்கொண்டிருந்தாள்.

“கோடிய நான் எடுத்துக்கினு போறேன்,” என்றாள். “மூத்த மருமவ நானு, வந்தா ஒத்துக்குவாங்க. அவுரு காலேஜுக்குப் போவட்டும் கொழுந்தனாரே. இன்னிக்கு வுட்டா நான் சாவறவரைக்கும் ஜல்லி தூக்கணும்.”

“ஒத்துக்குவாங்க அண்ணி. கோடிய ஒத்துக்குவாங்க. மேளத்துக்கு இன்னா, நீங்க தட்டு எடுத்துத் தட்டுவீங்களா?”

அவள் சிரிக்கவில்லை. சாலமோன் மீதி முகத்தையும் மழித்தான். தாடையில் லேசாக வெட்டிக்கொண்டான்.

“அஞ்சு மணி,” என்று படியிறங்கினான் ஜெயராஜ். “அதுக்கு மேல தேசப்பன் கேக்க மாட்டான். அவன் அம்மா, அவன் தூக்கிடுவான். பொறந்த ஊட்டு ஆளே இல்லாத அநாத மாதிரி போவும் கெழவி. நல்லா குச்சி ஆட்டு.”

*

பேண்டு அறை என்பது கல்லூரிக்குப் பின்னால் இருந்த பழைய பம்ப்செட் கொட்டகை. அதன் குறுக்கே ஐந்து கயிறு கட்டி, கொட்டாங்குச்சிகளைக் கோத்துத் தொங்கவிட்டிருந்தான் சாலமோன். ஐந்து கோட்டில் சுரம் எழுதும் முறையை அப்படித்தான் பையன்களுக்குக் காட்டினான். மேல் கயிற்றுக்குப் போனால் சுரம் ஏறும், கீழே வந்தால் இறங்கும். கரும்பலகையில் முழித்தவர்கள் கொட்டாங்குச்சியில் பிடித்துக்கொண்டார்கள். வாத்தியார் தேங்காய்க் கடை வைத்திருக்கிறார் என்று மற்ற வகுப்புப் பையன்கள் கிண்டல் செய்தார்கள். செய்துவிட்டுப் போகட்டும்.

அதற்கும் முன்னால் ஒரு பாடம் உண்டு. புதிதாக வருகிறவனுக்கு முதல் மாதம் வாத்தியமே கிடையாது. நடக்க வேண்டும். கொட்டகையைச் சுற்றிச் சுற்றி நடக்க வேண்டும்.

“கால்ல தாளம் வராதவனுக்குக் கையில வராது,” என்பான். “பேண்டுன்றது நாம வாசிக்கறதுக்கு இல்ல. இன்னொருத்தன் நடக்கறதுக்கு. நடக்கிறவன் காலப் பாத்து அடி. உன் கை உன்னுது இல்ல, அவன் காலுது.”

பெரும்பாலும் கூலிக்காரர்களின் பிள்ளைகள். ஞாயிற்றுக்கிழமைகளில் அவர்களில் நாலைந்து பேர் ஜெயராஜின் செட்டோடு சாவுக்குப் போய் அடித்துவிட்டு நாஷ்டா சாப்பிட்டு வருகிறார்கள் என்பது சாலமோனுக்குத் தெரியும். தெரியாததுபோல இருந்தான். அவர்களுக்கும் அவனுக்குத் தெரியும் என்று தெரியும்.

அன்று ஒத்திகைக்கு முன் சைடு டிரம் வாசிக்கும் சின்னராசு பக்கத்தில் வந்து நின்றான். கல்லூரியில் கடைசி வருஷம் படிக்கிறவன், நல்ல கை.

“மாஸ்டர், ஒங்க அத்தை…”

“தெரியும். டிரம்ம இறுக்கு.”

“ஜெயராஜு அண்ணன் எங்கள வரச் சொல்லிச்சு. சாயங்காலம்.”

“சாயங்காலம் நீ எங்கன்னா போ. இப்போ இங்க இரு. வேகம் குறையக் கூடாது. குவிக் மார்ச். ஜட்ஜு ஐயா கேட்லேர்ந்து மேடை ஏறவரைக்கும் ஒரே வேகம். யாரும் தூங்கக் கூடாது.”

நாலு முறை வாசித்துப் பார்த்தார்கள். நன்றாகத்தான் இருந்தது. இருந்தும் சாலமோனுக்கு நிலைகொள்ளவில்லை. கிளாரினெட்காரனிடம் கீச்சிடுகிறது என்று எரிந்து விழுந்தான். கீச்சிடவில்லை. கோட்டுப் பொத்தானைப் போட்டான், கழற்றினான். அத்தையை இந்நேரம் குளிப்பாட்டியிருப்பார்கள். நெற்றியில் காசு வைத்திருப்பார்கள். வாசலில் தேசப்பன் ரோட்டைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பான்.

*

மூன்றரைக்கு வரவேண்டிய கார் நாலு மணிக்குத்தான் வந்தது.

கேட்டுக்கு வெளியே நெடுஞ்சாலை ஓரம் நல்ல கூட்டம். ஷிப்டு முடிந்த பேக்டரி ஆட்கள், நடவுக்குப் போய்த் திரும்பும் பெண்கள், லாரியை ஓரம் கட்டிவிட்டு வேடிக்கை பார்க்கும் ஆந்திரா டிரைவர் ஒருத்தன். காரிலிருந்து முதலில் ஒரு கைத்தடி இறங்கியது. பிறகு ஒரு கால். சற்று நேரம் கழித்து இன்னொரு கால். ஓய்வு பெற்ற நீதிபதி இவ்வளவு வயதானவர் என்று யாரும் சொல்லவில்லை.

ஆளுயர ரோஜா மாலையை வரதன் அவர் கழுத்தில் போட்டார். மாலை கனத்துக்கு அவர் இன்னும் கொஞ்சம் குனிந்தார். இரண்டு பேர் இரண்டு பக்கமும் தாங்கிக்கொண்டார்கள். முன்னால் இரண்டு மாணவர்கள் தட்டிலிருந்து பூவை அள்ளி இறைத்தபடி நடந்தார்கள்.

சாலமோன் குச்சியை இறக்கினான். மேடையோரம் கேட்டைப் பார்த்து நின்றிருந்த பேண்டு வாசிக்கத் தொடங்கியது. குவிக் மார்ச். கணீரென்று.

நீதிபதி நாலடி வைத்தார். பேண்டின் தாளம் எட்டடி போயிருந்தது. அவர் நின்று மூச்சு வாங்கினார். மறுபடி ஒரு அடி.

சாலமோன் பேண்டுக்கு முன்னால், நீதிபதிக்கு முதுகைக் காட்டி நின்றுகொண்டிருந்ததால் அதைப் பார்க்கவில்லை. சின்னராசு பார்த்தான். பையனின் கண் பழக்கப்படி நடக்கிறவரின் காலுக்குப் போயிற்று. கால் மெதுவாக வந்தது. கையும் மெதுவாயிற்று. பக்கத்தில் இருந்த டிரம்காரனும் அதைப் பிடித்துக்கொண்டான்.

“வேகம்,” என்று பல்லைக் கடித்தான் சாலமோன்.

வேகம் வரவில்லை. மாலை போட்டு, தாங்கிப் பிடித்து, பூ இறைத்து, அடி மேல் அடி வைத்து வரும் ஒரு ஊர்வலத்தை அந்தப் பையன்கள் ஞாயிறுதோறும் பார்த்திருக்கிறார்கள். அதற்கு ஒரு அடிதான் அவர்கள் கைக்குத் தெரியும். சின்னராசுவின் கட்டைவிரல் டிரம்மின் பக்கவாட்டில் இருந்த திருகைத் தானாகத் தட்டிவிட்டது. அடித்தோலின் கம்பிகள் தளர்ந்தன. கலகலத்துக்கொண்டிருந்த டிரம், ஈரத்துணி போட்டு மூடியதுபோல் தும்மென்று அடங்கியது. அந்த இறக்கத்துக்குக் காத்திருந்ததுபோல் பெரிய டிரம் விழுந்தது.

தும். தும். தும், தரதும்.

சாவு அடி. புதுவாயல் சாவு அடி, ஒரு மாத்திரை பிசகாமல்.

வேலிக்கு வெளியே ஒரு கிழவன் தலைத்துண்டை அவிழ்த்துக் கக்கத்தில் வைத்துக்கொண்டான். நடவுப் பெண் ஒருத்தி, “அடிப்பாவி, யாருடீ?” என்று பக்கத்தில் இருந்தவளைக் கேட்டாள். லாரி டிரைவர் பீடியைக் கீழே போட்டுவிட்டு இரண்டு கையையும் கூப்பினான்.

சாலமோன் தலையை மட்டும் திருப்பி நீதிபதியின் காலைப் பார்த்தான். நிறுத்திவிடலாம். கையை மடக்கினால் போதும், நின்றுவிடும். பாதி வழியில் பேண்டு நின்றால் அது இன்னொரு மானக்கேடு. மறுபடி குவிக் மார்ச்சை எடுக்கலாம். எடுத்தால் கிழவர் தடுக்கி விழுவார்.

கை தூக்கியபடி நின்றான். அப்போதுதான் காதில் விழுந்தது. ஐந்து வருஷத்தில் இந்தப் பையன்கள் இப்படிச் சேர்ந்து வாசித்ததே இல்லை. இருபது கை, ஒரே கை. யூபோனியம் ஊதுகிறவன் அடியில் ஒரு நீளச் சுரத்தைப் பிடித்து இழுத்தான். யாரும் சொல்லித்தராத இழுப்பு அது.

அத்தை இந்நேரம் பெஞ்சில் கிடப்பாள்.

கையை மடக்கவில்லை. அந்த அடிக்கே குச்சியை இறக்கினான். இறக்கினான், ஏற்றினான். நீதிபதி படி ஏறி நாற்காலியில் உட்காரும்வரை நடத்திக் கொடுத்தான்.

*

நீதிபதி பேசும்போது முதலில் பேண்டைப் பற்றித்தான் பேசினார்.

“எங்கே போனாலும் பேண்டு வாசிக்கிறார்கள். என்னைத் துரத்துவதுபோல வாசிப்பார்கள். இன்றைக்குத்தான் ஒரு பேண்டு எனக்காகக் காத்திருந்து என்னோடு நடந்து வந்தது. அதைப் பழக்கிய ஆசிரியர் யாரோ, அவருக்கு என் வணக்கம்.”

கைதட்டல் கிளம்பியது. முன்வரிசை தட்டியது. வேலியோரம் யாரும் தட்டவில்லை.

மேடைக்குப் பின்னால் வரதன் அவனைப் பிடித்துக்கொண்டார்.

“இன்னாய்யா அடிச்சீங்க?”

“ஸ்லோ மார்ச்சுங்க ஐயா.”

“எங்கிட்டயே கத உடறியா? எங்க அப்பாவ எடுத்தப்போ இதேதான் அடிச்சானுங்க. நான் மொட்ட போட்டுக்கினு பின்னாலயே நடந்தேன். எனக்குத் தெரியாதா?”

சாலமோன் தரையைப் பார்த்தான்.

“அவுருக்குப் புரியல, தப்பிச்ச. ஆனா ரோட்ல நின்ன ஊருக்கே புரிஞ்சிது. நாளைக்கு டீக்கடையில என் காலேஜுக்கே பாட கட்டிப் பேசுவானுங்க.” வரதன் குரலைத் தணித்தார். “சரி. ஒனக்குப் போஸ்டு உண்டு. அவரே பாராட்டிட்டாரு, கமிட்டி மறுக்காது. மொதல்ல மாத்தினவன் யாரு? அந்தப் பையன் பேரச் சொல்லு. டீசிய குடுத்து அனுப்பிடறேன். ஊருக்கு ஒரு பதில் வேணும் எனக்கு.”

கொட்டகைப் பக்கம் பையன்கள் வாத்தியங்களைத் துடைத்துக்கொண்டிருந்தார்கள். சின்னராசு துடைக்கவில்லை. டிரம்மை மடியில் வைத்துக்கொண்டு இந்தப் பக்கமே பார்த்துக்கொண்டிருந்தான். அவன் வீட்டில் முதல்முதலாகக் காலேஜ் படி ஏறியவன்.

ஆரோக்கியமேரியின் சும்மாட்டுத் துணி ஞாபகம் வந்தது சாலமோனுக்கு. அதில் எப்போதும் ஒட்டியிருக்கும் சிமெண்டுத் தூளும்.

“நடக்கிறவர் காலப் பாத்து அடின்னு சொல்லிக் குடுத்தது நான்தாங்க ஐயா,” என்றான். “பையன் பேருன்னா என் பேரத்தான் எழுதிக்கணும்.”

வரதன் கைக்கடிகாரத்தைப் பார்த்தார்.

“ஐயாவ செங்குன்றம் வரைக்கும் கார்ல வழியனுப்பிட்டு வரேன். ஏழு மணிக்குக் கமிட்டி. அதுக்குள்ள யோசி. பேரோட வந்தா உள்ள வா. இல்லன்னா வாசல்லயே நின்னுடு.”

*

மணி ஐந்தாகப் போகிறது என்று யாரும் சொல்லவேண்டியிருக்கவில்லை. சாலமோன் கொட்டகைக்குள் போனான். பெரிய டிரம்மை எடுத்துத் தோளில் மாட்டினான்.

“மாஸ்டர்?” என்றான் சின்னராசு.

“நீ இங்கயே இரு.”

சின்னராசு இருக்கவில்லை, சைடு டிரம்மோடு எழுந்தான். அவன் பின்னால் இன்னும் மூன்று பேர் கிளம்பினார்கள்.

பஸ்ஸில் கண்டக்டர், “இதுக்கும் ஒரு டிக்கெட்டு எடு வாத்தியாரே, உன்னவிடக் குண்டா கீது,” என்றான். பிறகு சாலமோனின் முகத்தைப் பார்த்துவிட்டுப் பேசாமல் டிரம்மை மேலே ஏற்றச் சொன்னான்.

புதுவாயலில் பாடை கட்டியாகிவிட்டது. ஐந்து தாண்டியும் தேசப்பன் இன்னும் தூக்கவில்லை. கோடிப் புடவை போர்த்திய அத்தையின் கால்மாட்டில் ஆரோக்கியமேரி உட்கார்ந்திருந்தாள். டிரம்மோடு வந்த புருஷனைப் பார்த்ததும் எழுந்து வந்தாள்.

“இன்னா ஆச்சு?”

“ஒன்னும் ஆவல. ஏழு மணிக்குத்தான் ஆவும்.”

“அப்புறம் டிரம்ம எதுக்கு எடுத்தாந்த?”

சாலமோன் டிரம்மின் வாரை இறுக்கினான். அவள் அவனுடைய தாடை வெட்டுக்காயத்தைப் பார்த்தாள். “கொழாய் கனவு அவ்ளோதானா,” என்று முனகிக்கொண்டு போய் மறுபடி கால்மாட்டில் உட்கார்ந்தாள்.

ஜெயராஜ் கறுப்புத் துணியோடு வந்தான். பெரிய டிரம்மின் முகப்பில் கல்லூரிப் பெயர் சிவப்பு எழுத்தில் வட்டமாக எழுதியிருந்தது.

“இத்த சுத்திடலாண்ணே. சாவுக்குச் சுத்தறதுதான? பேரும் தெரியாது.”

“வாணாம். சத்தம் அமுங்கும்.”

ஜெயராஜ் அண்ணனை ஏற இறங்கப் பார்த்தான். துணியைத் தோளில் போட்டுக்கொண்டான்.

“சரி. மொற தெரியுமில்ல? குச்சி ஆட்டறவனுக்கு மறந்திருக்கும். பாடைக்கு முன்னால பெரிய டிரம்மு. சுடுகாடு போய்ச் சேர்ற வரைக்கும் அடி நிக்கக் கூடாது. இன்னா நடந்தாலும் பெரிய டிரம்முக்காரன் திரும்பிப் பாக்கக் கூடாது.”

“தெரியும்டா.”

“கோட்டயாவது கழட்டு.”

கழற்றவில்லை. தேசப்பனும் மற்றவர்களும் தூக்கினார்கள். சாலமோன் முதல் அடியை வைத்தான்.

தெருவைக் கடந்து நெடுஞ்சாலைக்கு வந்தார்கள். சுடுகாட்டுக்கு ரோட்டோரமாகக் கொஞ்ச தூரம் வடக்கே போகவேண்டும். பஸ்ஸும் லாரியும் வேகம் குறைத்து ஒதுங்கின. பாடைக்குப் பக்கவாட்டில் நடந்த சின்னராசு தூக்குகிறவர்களின் காலைப் பார்த்தான், சின்னராசுவின் கையைச் சாலமோன் கேட்டான். சாயங்காலம் கல்லூரி வாசலில் அடித்த அதே அடி. ஆனால் இப்போது அது உரிய இடத்தில் இருந்தது.

எதிரே கும்மிடிப்பூண்டிப் பக்கமிருந்து ஒரு கறுப்புக் கார் வந்தது. முன்கண்ணாடி மேல் ரோஜா மாலை சரிந்து கிடந்தது. பாடையைப் பார்த்து டிரைவர் ஓரமாக நிறுத்தினான்.

பின்சீட்டில் வரதன். அவருடைய கண் டிரம்மின் சிவப்பு எழுத்தில் ஒவ்வொன்றாக நகர்ந்ததைச் சாலமோன் பார்த்தான். அவர் பக்கத்தில் நீதிபதி. அவர் டிரம்மைப் பார்க்கவில்லை. கண்ணை மூடி, தலையைச் சாய்த்துக் காது கொடுத்துக்கொண்டிருந்தார். கைத்தடியின் பிடியில் அவர் விரல் மெல்லத் தட்டியது. தும். தும். தும், தரதும். சட்டென்று விரல் நின்றது. கண்ணைத் திறந்து முதலில் பாடையைப் பார்த்தார், பிறகு கோட்டு போட்ட சாலமோனைப் பார்த்தார்.

புரிந்துவிட்டது.

சாலமோன் நிற்கவில்லை. நிற்கக் கூடாது. கார் பக்கவாட்டில் கடந்து பின்னால் போயிற்று.

முதுகுக்குப் பின்னால் கார்க் கதவு திறக்கும் சத்தம் கேட்டது. “ஐயா, வேணாங்க ஐயா, உட்காருங்க,” என்று வரதனின் பதற்றக் குரல். பிறகு தார் ரோட்டில் கைத்தடி ஊன்றும் சத்தம்.

டொக். டொக்.

அது காருக்குப் பக்கத்திலேயே நிற்கிறதா, பாடைக்குப் பின்னால் வருகிறதா, அல்லது தன்னைப் பிடித்து நிறுத்திக் கேட்க வருகிறதா என்று சாலமோனுக்குத் தெரியவில்லை. திரும்பிப் பார்த்தால் தெரிந்துவிடும். கழுத்து நரம்பு வலித்தது.

முன்னால் பார்த்தபடியே அடுத்த அடியைப் போட்டான். சைடு டிரம்மின் வேகம் லேசாகக் குறைந்தது. சின்னராசு யாருடைய காலுக்கோ காத்திருந்தான்.